பண்டத்தரிப்புப் பூனைகளும் மூன்று நாட்டுப் பஞ்சாயத்தும்

1

எங்கள் வீட்டுச் சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. இதை வாசிக்கும் ஊர்ச்சனம் உடனே என்னையும் என் கணவரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் பிடிப்பது ஓய்கிற சண்டை இல்லை, அது தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. நான் சொல்வது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் எங்கள் தகப்பனார் ஐயாவோடு இருக்கும் இரண்டு பூனைகளின் சண்டையை. அதைத் தீர்க்க நோர்வேயிலிருந்து நானும் கனடாவிலிருந்து அண்ணையும் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நான் இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மழை ஓயாத ஒரு கரையோர நகரம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிப்பது என் வேலை. காலையில் கோப்பியை ஊற்றியதும் கைபேசியைத் திறப்பேன். அதில் ஐயாவின் வீட்டு மண்டபம் தெரியும். அம்மா போன பிறகு ஐயா தனிய இருக்கிறார், விழுந்துகிழுந்தால் யாருக்குத் தெரியும் என்று அண்ணை பூட்டுவித்த கமராக்கள். மண்டபத்தில் ஒன்று, வாசல் படலையில் ஒன்று, பின்விறாந்தையில் ஒன்று. எனக்கு இங்கே விடியும்போது அங்கே மதியமாகிக்கொண்டிருக்கும். ஐயா கதிரையில் சாய்ந்து பேப்பர் படிப்பதைக் கண்டால் அன்றைய நாள் எனக்குச் சரி.

ஐயா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை ஒரு கமரா பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. "என்னை மறியலிலை போட்டிட்டு முறை வைச்சுப் பாக்கிறியள்" என்பார். சில நாட்களில் மண்டபக் கமராவின் மேல் ஒரு துவாய் தொங்கும். துவாய் தொங்கினால் ஐயா கோபமாக இருக்கிறார் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கோபமாக இருக்கிறார் என்றால் சுகமாகவும் இருக்கிறார்.

போன வருடம் அம்மாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு எல்லோரும் போனோம். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கப்போகிறார்களே என்று அண்ணை முன்கூட்டியே வீட்டைத் திருத்தினார். பின்பக்கத்துப் பலகைக் கதவைக் கழற்றிவிட்டு, நிலத்திலிருந்து தலைக்கு மேல்வரை போகும் கண்ணாடிக் கதவு போட்டார். ரொறொன்ரோவில் அவர் வீட்டில் இருப்பது மாதிரியே இழுத்துத் திறக்கிற கதவு.

"உள்ளுக்கு வெளிச்சம் வரும், ஐயாவுக்கு நல்லது" என்றார் அண்ணை.

"வெளிச்சம் வேணுமெண்டால் நான் எழும்பி வெளியிலை போவன்தானே" என்றார் ஐயா.

அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் வீடு திருத்துவது பெற்றோருக்காக என்று சொல்லிக்கொள்வோம். பாதிக்கு மேல், நாங்கள் போய் நிற்கும் அந்த மூன்று கிழமைக்காகத்தான். திவசம் முடிந்தது, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

2

பூனைகள் இரண்டும் ஒரு தாயின் குட்டிகள். அம்மா வளர்த்தவை. ஒன்று வெள்ளை, மற்றது வரி போட்டது. என் மகள் அபிரா கைபேசியில் பார்த்து, வெள்ளைக்கு ஸ்னோ என்றும் வரிப்பூனைக்குப் புலி என்றும் பெயர் வைத்தாள். வெயிலில் வேகும் பண்டத்தரிப்பில் ஒரு பூனைக்குப் பனி என்று பெயர். ஐயாவின் வாயில் அது சினோ ஆகிவிட்டது.

அபிராவுக்குப் பதினாறு வயது. கிழமைக்கு ஒருமுறை தமிழ்ப் பள்ளிக்கூடம் அனுப்பினோம். இடையில் உதைபந்தாட்டம் வந்தது, தமிழ் போனது. நான் தமிழில் கேட்க அவள் நோர்வீஜிய மொழியில் பதில் சொல்வாள். நான் நோர்வீஜிய மொழியில் கேட்டாலோ, "அம்மா, தயவுசெய்து வேண்டாம்" என்று தமிழில் சொல்வாள். அம்மப்பாவோடு கதை என்று கைபேசியை நீட்டினால் அவளிடமிருந்து வருவது இவ்வளவுதான்:

"அம்மப்பா, சுகமா? புலி சாப்பிட்டதா? ஸ்னோ சாப்பிட்டதா? நீ காட்டு."

எண்பது வயது மனிதரை நீ என்கிறாளே என்று எனக்குக் கூசும். ஐயா ஒன்றும் நினைப்பதில்லை. கைபேசியைத் திருப்பிப் பூனைகளைக் காட்டுவார். புலி வாலைப் பிடிக்கச் சுற்றுவதைப் பார்த்து இவள் சிரிப்பாள். இவள் சிரிப்பதைக் கேட்டு அவர் சிரிப்பார். பிறகு "பாய்." அந்தக் கதையிலிருந்து பூனைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது "சுகமா"வும் "பாய்"யும்தான் என்பதை நான் பல தடவை நினைத்துப் பயந்திருக்கிறேன்.

திவசம் முடிந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடிக் கதவுப் பக்கமிருந்த புலி திரும்பிப் பாய்ந்து, சும்மா நடந்து வந்த ஸ்னோவின் கழுத்தைக் கவ்வியது. இரண்டும் ஒரு பந்தாக உருண்டன. பேப்பர் பறந்தது. ஐயா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தார். வெள்ளை மயிர் நிலமெல்லாம் கிடக்க, ஸ்னோ அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. நான் இங்கே குசினி அடுப்படியில் நின்று "ஐயா, கவனம்! ஐயா!" என்று கத்தினேன். கமராவுக்குக் காது இருக்கிறதே தவிர வாய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, உந்தப் புலிக்கு விசர் பிடிச்சிட்டுது போல கிடக்கு" என்றார் ஐயா. மூச்சு வாங்கியது. "ஒண்டாப் பிறந்து ஒண்டாப் படுத்ததுகள். என்னெண்டு விளங்கேல்லை."

அன்றோடு முடியும் என்று பார்த்தால் அது தினசரி ஆகிவிட்டது. ஸ்னோ அலுமாரியை விட்டு இறங்குவதில்லை. கீழே புலி உறுமிக்கொண்டு நடக்கும். ஐயா முக்காலியில் ஏறி ஸ்னோவுக்குச் சாப்பாடு வைக்கத் தொடங்கினார். எண்பது வயதில் முக்காலி! பூனைச் சண்டையை விட அதற்குத்தான் நான் பயந்தேன்.

அடுத்த வீட்டு ரஞ்சன் ஓட்டோ ஓடுபவன், ஐயாவுக்கு ஒரு மகன் மாதிரி. புலியை ஒரு பனையோலைக் கடகத்துக்குள் வைத்து இன்னொரு கடகத்தால் மூடிக் கட்டி, யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டு போனான். வைத்தியர் பல்லையும் காதையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை, எதையோ கண்டு வெருண்டிருக்கிறது, இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு அது என்னவென்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்ல புத்திமதி. நாங்கள் கேட்டால்தானே.

3

அண்ணைக்கு ஒரு பழக்கம். எந்தப் பிரச்சினைக்கும் வேலைக்குக் காரோட்டிக்கொண்டே குரல்பதிவு அனுப்புவார். பின்னால் லொறி இரைந்துகொண்டிருக்கும்.

"தங்கச்சி, பிரிச்சு வைச்சால் பகை கூடும். எங்கடை ஆக்கள் என்ன செய்யிறவை? ஒரு பந்தியிலை இருத்திறவை. ஐயாட்டைச் சொல்லு, ரெண்டையும் ஒரு அறையிலை விட்டு, பக்கத்திலை பக்கத்திலை மீன் வைக்கச் சொல்லி. பசிச்சால் எல்லாம் சரிவரும்."

வெளியார் சிரிக்கலாம். ஆனால் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை, நன்மை தின்மைக்குப் போகாத கோபம். வேலியில் நட்ட கதியால் ஒன்றுக்காக என் பெரியப்பாவும் சித்தப்பாவும் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு ஒரு கலியாண வீட்டில் பெரியவர்கள் இருவரையும் தோளில் பிடித்து அமத்தி, ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். ஒருவர் இலைக்குப் பாயாசம் போதாது என்று மற்றவர் சத்தம் போட்டார். அதோடு கோபம் தீர்ந்தது. ஐயாவும் அதை நினைத்தாரோ என்னவோ, மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

அறைக் கதவைச் சாத்தி இரண்டு பீங்கானில் சூடைமீன் வைத்தார். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கூர்நகம் கிடையாது என்பதை மூன்று நாட்டிலும் ஒருவரும் யோசிக்கவில்லை. ஸ்னோவை இறக்கி நிலத்தில் விட்டதுதான் தாமதம், புலி பாய்ந்தது. விலக்கப் போன ஐயாவின் கையில் பல் எலும்புவரை இறங்கியது.

ரஞ்சன்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான். விசர்நோய்த் தடுப்பூசி, காயத்துக்கு மருந்து, பிறகு திரும்பத் திரும்ப வரச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு. கட்டுப் போட்ட கையைக் கமராவுக்கு நேரே தூக்கிக் காட்டி, "வடிவாப் பாருங்கோ" என்றார் ஐயா. பிறகு துவாயைப் போட்டுவிட்டார்.

அன்று எனக்கு உருளைக்கிழங்கு எது உப்பு எது என்று தெரியவில்லை. பொறுப்பாளரான பெண்ணிடம் அவசரமாகப் போகவேண்டும், வீட்டில் தகப்பனைப் பூனை கடித்துவிட்டது என்றேன். எந்த வீடு என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் பதறி, தகப்பன் எங்களோடு இருப்பது தெரியாதே என்று வருந்தி, பக்கத்துத் தெருவிலுள்ள மிருக வைத்தியரின் இலக்கத்தை எழுதித் தந்தாள். பிறகு சட்டப்படி பார்த்துச் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் விடுப்பு உண்டு, தகப்பனைப் பூனை கடித்தால் இல்லையாம். வீடு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் என்று விளங்கப்படுத்த என்னிடம் மொழி இருந்தது, தெம்பு இல்லை. நன்றி சொல்லி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

அண்ணை அன்றே தீர்ப்புச் சொன்னார். புலியைக் குருநகர் மீன் சந்தையில் விடுவது. எங்கள் ஊரில் வேண்டாத பூனையைக் கொல்லமாட்டார்கள், பாவம் வரும். உரப்பையில் போட்டுக் கட்டி மீன் விற்கிற இடத்தில் விட்டுவிட்டு, அங்கே அதற்கு ராச வாழ்க்கை என்று சொல்லிக்கொள்வார்கள். சனிக்கிழமை ரஞ்சன் மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

"ஐயா, உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சேந்து முடிவெடுத்திட்டியள். பேந்தென்ன என்னைக் கேக்கிறாய்?" என்றார். பிறகு அம்மாவை நினைத்து மெல்லமாக, "கொம்மா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டா" என்றார்.

4

அபிராவிடம் சொல்லவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் அவள் பாண் துண்டைக் கடித்தபடி, வழக்கம்போலக் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதாவது அதை வை என்று நான் கத்தாத காலை இல்லை. அன்று கத்தாமல் பக்கத்தில் இருந்து சொன்னேன். புலி அம்மப்பாவைக் கடித்துவிட்டது. சனிக்கிழமை அதை வேறிடத்தில் விடப்போகிறோம்.

அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"இஞ்சை கொண்டு வா. நான் வளர்ப்பேன்."

அதையும் நான் இரகசியமாகத் தேடிப் பார்த்திருந்தேன். தோலுக்குள் இலக்கம் பதிக்க வேண்டும், ஊசி போட வேண்டும், இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னுடைய அகதி விசாரணைகூட இவ்வளவு இரத்தம் கேட்கவில்லை. ஏலாது பிள்ளை என்றேன்.

அவள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, நீங்கள் எல்லாரும் பிழையான கமரா பார்க்கிறீங்கள்."

அதில் தெரிந்தது ஐயாவின் பின்விறாந்தை. அவள் மாமாவிடம் கேட்டுக் கடவுச்சொல்லை வாங்கி எத்தனையோ நாளாம். காலையில் நான் சிநேகிதிகளோடு அலட்டுகிறாள் என்று திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், என் பிள்ளை பண்டத்தரிப்பைப் பார்த்தபடிதான் பாண் சாப்பிட்டிருக்கிறாள். நாங்கள் பெரியவர்கள் ஐயா விழுகிறாரா என்று மண்டபத்தைப் பார்த்தோம். பின்விறாந்தையில் என்ன இருக்கிறது என்று திறந்ததே இல்லை. பூனைகள் வெயில் காயும் இடம் என்பதால் அவள் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"பாருங்கோ. இப்ப வரும்."

ஐயா கண்ணாடிக் கதவைத் திறந்து வந்தார். கட்டுப்போட்ட கையால் ஒரு வாழையிலைத் துண்டைப் படியில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். காகத்துக்குச் சோறு. அம்மாவின் திவசத்துக்குப் பிறகு தினமும் தான் சாப்பிடுமுன் வைக்கிறாராம். அது எனக்குத் தெரியாது. அவர் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். காகம் வருமுன் மதில் மேலிருந்து ஒரு கடுவன் பூனை குதித்தது. முகம் பானை மாதிரி, ஒரு காது கிழிந்தது. சோற்றைத் தின்றுவிட்டு, கண்ணாடி ஓரமாக நடந்து, வாலைத் தூக்கிக் கதவில் சலம் அடித்தது. கண்ணாடிக்கு உள்ளே புலி வெறிபிடித்து நின்றது. மூக்குக்கு நேரே எதிரி, கை நீட்டினால் கண்ணாடி. வைத்தியர் சொன்ன வெருட்சி இதுதான்.

"ஒவ்வொரு நாளும் இது வரும். புலி அதை அடிக்க ஏலாது. அப்ப பின்னால் ஸ்னோ வரும், ஸ்னோவை அடிக்கும்" என்றாள் அபிரா.

பலகைக் கதவு இருந்த காலத்தில் புலி அதைக் கண்டிருக்காது. வெளிச்சம் வேண்டுமென்று நாங்கள் போட்ட கதவு. மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி வந்து வீட்டில் கத்துகிறவர்களை எனக்குத் தெரியும், சில நாள் நானே அப்படித்தான். ஆனால் பூனைக்கும் அது உண்டு என்று என் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்கேல்லை" என்றாள்.

5

ஐயாவிடம் நானே சொல்ல வெளிக்கிட்டேன். அவள் கைபேசியைப் பறித்தாள். தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி அள்ளிச் சொன்னாள். சொல் வராத இடத்தில் உறுமிக் காட்டினாள். ஐயா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப, கொம்மம்மாவுக்கெண்டு நான் வைக்கிற சோத்தை உந்தக் காதறுந்தவனே தின்னுறவன்?"

"ஓம் அம்மப்பா."

"அவன்ரை நாசமறுப்பு!" என்று எழும்பினார். எனக்கு அவரின் பழைய பஸ் குரல் கேட்டது.

மறுநாள் முதல் காகச் சோறு முன்பக்கத்து மதில் தூணுக்கு இடம் மாறியது. படியையும் கதவையும் ரஞ்சன் தேய்த்துக் கழுவினான். கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைக்க வேண்டும் என்று அபிரா சொல்லிவிட்டாள். திரைச்சீலை வாங்கக் காசு அனுப்புகிறேன் என்றார் அண்ணை. ஐயா காத்திருக்கவில்லை. மாலை பின்விறாந்தைக் கமராவைத் திறந்த எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணாடி முழுவதும் அம்மா. திவசத்துக்கு அண்ணை அளவுகணக்கில்லாமல் அடிப்பித்த நினைவஞ்சலிச் சுவரொட்டிகளின் மிச்சத்தை எடுத்து, கோதுமைப் பசை காய்ச்சி, முகம் வெளியே பார்க்க வரிசையாக ஒட்டியிருந்தார்.

"ஐயா, அம்மான்ரை படத்தைப் போய்..."

"ஏன்? சும்மா கட்டிலுக்குக் கீழை சுருண்டு கிடந்தவ. அவ பாத்துக்கொள்ளுவா" என்றார். "அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு கடுவனும் வராது."

கடுவன் இரண்டு நாள் வந்து பார்த்தது. சோறும் இல்லை, உள்ளே எதிரியும் தெரியவில்லை. பிறகு வரவில்லை. அம்மாவுக்குப் பயந்துதான் என்று ஐயா நம்புகிறார். நானும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. ரஞ்சன் உரப்பையோடு படலையில் நிற்பதைக் கமராவில் கண்டேன். ஐயா இறங்கிப் போய்ப் பையை வாங்கி உதறி, மடித்து அவனிடமே கொடுத்தார்.

"புலி வராது. நீ போய் மீனை வாங்கிக்கொண்டு வா."

"அப்ப பெரியண்ணைக்கு என்ன சொல்லுறது?" என் அண்ணையைத்தான் அப்படிச் சொன்னான்.

"அவன் கனடாவைப் பாக்கட்டும். இது என்ரை வீடு."

அதை அண்ணைக்கு நான் சொல்லவில்லை. அவரும் படலைக் கமராவில் கேட்டிருப்பார் போல. அன்று குரல்பதிவு ஒன்றும் வரவில்லை. மறுநாள் திரைச்சீலைக் காசைத் தடுப்பூசிக்குப் போய்வர ஓட்டோக் கூலியாக ரஞ்சனுக்கு அனுப்பியிருந்தார். அது அவருடைய மன்னிப்பு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

6

கோபம் உடனே தீரவில்லை. புலி அடங்கிவிட்டாலும் ஸ்னோ நம்பவில்லை. இந்த முறை வைத்தியர் சொல்லைக் கேட்டோம். ஒன்று அறைக்குள், மற்றது மண்டபத்தில், நடுவில் சாத்திய கதவு. கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு. முதலில் தூரத்தில், பிறகு மெல்ல மெல்லக் கிட்ட. ஒன்று படுத்த பழைய சாரத் துணியை மற்றதின் இடத்தில் போட்டு மணம் பழக்கினார் ஐயா. யாராவது சீறினால் பீங்கான் பின்னால் போகும். இரண்டு கிழமை முன்னேறி ஒரு நாளில் பின்வாங்கிய கதையும் உண்டு. காலையில் அபிராவும் நானும் ஒரே கைபேசியைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடித்தோம். அவள் மண்டபத்தையும் பார்த்தாள், நான் பின்விறாந்தையையும் பார்த்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஐயா ஒருநாளும் தானாக அழைப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊரிலிருந்து மணி அடித்தால் எங்களைப் போன்றவர்கள் கெட்ட செய்தி என்றுதான் எடுப்போம். அம்மாவின் செய்தி அப்படித்தான் வந்தது. கைபேசியில் அவர் பெயரைக் கண்டதும் கையிலிருந்த கரண்டியை எங்கே போட்டேன் என்று தெரியாது.

"ஐயா! என்ன? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. ஏன் கத்திறாய்?" குரலில் சிரிப்பு இருந்தது. "சினோ தன்ரைபாட்டிலை வந்து புலிக்குப் பக்கத்திலை படுத்திட்டுது. புலி அதின்ரை காதை நக்கிக்கொண்டிருக்கு."

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அழுதுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"காட்டுங்கோ ஐயா, பாப்பம்."

"உனக்குப் பிறகு காட்டுறன். முதல் பிள்ளையைக் கூப்பிடு. அவளுக்குத்தான் எடுத்தனான்."

அபிரா கைபேசியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வழக்கமாக அந்தக் கதவு சாத்தப்பட்டால் எனக்குக் கோபம் வரும். அன்று நான் கதவுக்கு வெளியே நின்று, அவளுடைய ஓட்டைத் தமிழையும் ஐயாவின் உரத்த குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பூனையில் தொடங்கினார்கள். பிறகு பஸ்ஸுக்குப் போனார்கள், பஸ்ஸிலிருந்து அம்மாவுக்குப் போனார்கள், அங்கிருந்து அவளுடைய உதைபந்தாட்டத்துக்கு வந்தார்கள். அடுப்பில் கறி அடிப்பிடித்தது. எனக்குப் பூனைகளைக் காட்ட இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.